அச்சுப் படமும் ஓவியர் புத்தகமும்: தில்லியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லி கர்ஹியில் லலித் கலா அகாதெமியின் பட்டறை இருக்கிறது. சில வருஷங்களாக அங்கே தகடு போட்டு அச்சடித்து வருகிறேன். வீடு மயூர் விஹாரில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யார் வருகிறார்களோ அவர்களைக் கூட்டிக்கொண்டு மண்டி ஹவுஸ் ரவீந்திர பவனுக்கோ ஜெய்ப்பூர் ஹவுஸுக்கோ ஓவியக் கண்காட்சி பார்க்கப் போவேன். திரும்பும்போது மெட்ரோவில் ஆரம்பிக்கும் கேள்விகள் ஏறக்குறைய எல்லா மாதமும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். ஆரம்பத்தில் எளிய சந்தேகங்கள் இருக்கும். போகப்போக எனக்கே யோசிக்க வேண்டியிருந்தவை வரும்.

பிரிண்ட்டுன்னா ஜெராக்ஸ் மாதிரிதானே அக்கா? அதுக்கு ஏன் இவ்வளவு விலை?

கோகுலாஷ்டமி அன்று வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் கிருஷ்ணர் பாதம் போடுவோம் இல்லையா? கையை மூடி, பக்கவாட்டை அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றி, மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைக்கிறோம். அது அச்சு. இருபது பாதம் வைத்தால் இருபதும் ஒரே கையிலிருந்து வந்தவை. ஆனால் எந்த இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருக்காது. ஒன்றில் மாவு தண்ணியாக இருந்திருக்கும், இன்னொன்றில் கை கொஞ்சம் திரும்பியிருக்கும். இதில் எது ஒரிஜினல், எது ஜெராக்ஸ் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாமே குழந்தை நடந்து வந்த பாதம்தான்.

ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதைப் பார்த்து இயந்திரம் இன்னொன்று எடுக்கிறது. அச்சுப் படத்தில் அப்படி முன்னால் ஒரு படம் கிடையாது. ஓவியர் தகட்டிலோ மரத்திலோ கல்லிலோ நேரடியாக வேலை செய்கிறார். காகிதத்தில் விழும்போதுதான் படம் முதல்முறையாகப் பிறக்கிறது. விலை அந்த வேலைக்கு. அப்படியும் அதே ஓவியரின் கான்வாஸ் விலையில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். நடுத்தரக் குடும்பம் ஒன்று நல்ல ஓவியர் ஒருவரின் கைப்படைப்பை வாங்க முடிகிற வழி பெரும்பாலும் இதுதான். அதனால்தான் எனக்கு இந்தக் கலை மேல் இத்தனை பிரியம்.

அப்போ ஒரிஜினல்னா அந்தத் தகடா?

தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் சரியாகத் தெரியாது. பளபளவென்று கோடுகள் இருக்கும், இடம் வலமாக மாறியிருக்கும். இடியாப்ப அச்சை இடியாப்பம் என்று யாராவது சொல்வார்களா? தகடு கருவி. அதிலிருந்து ஓவியர் பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்ட ஒவ்வொரு தாளும் மூலப் படம்தான். ஒரு படைப்புக்கு இருபத்தைந்து மூலங்கள் இருக்கலாம் என்பதை மனசு ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

எத்தனை வகை இருக்கு? பேரெல்லாம் கேட்டாலே குழப்பமா இருக்கே.

மை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும், நாலே வகைதான். மேட்டில் நின்றால் மரச்செதுக்கு, லினோகட் (மரத்துக்குப் பதில் மெத்தென்ற லினோலியத்தில் செதுக்குவது). வேண்டாத இடத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, மிஞ்சிய மேட்டில் மை உருட்டி ஒற்றுவது. துணிக்கு அச்சுக்கட்டை வைப்பதும் நம் கிருஷ்ணர் பாதமும் இந்த ஜாதி.

பள்ளத்தில் நின்றால் எட்சிங், என்கிரேவிங், டிரைபாயின்ட் (ஆசிட் இல்லாமல் ஊசியால் நேரே கீறுவது), அக்வாடின்ட் (கோட்டுக்குப் பதில் மணல் போன்ற சாயல் தருவது) எல்லாம். உலோகத் தகட்டில் கோடு கீறி, கோட்டுக்குள் மையை நிரப்பி, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, அழுத்தத்தால் காகிதத்துக்கு இழுப்பது. தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க எழுத்தாணி போதும். ஓலையில் எழுத்தாணியால் கீறினால் முதலில் எழுத்து தெரியாது. அப்புறம் கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைப்பார்கள், கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். ஓலைக்கு மையாட்டுவது என்று அதற்குப் பேர். எட்சிங் தகட்டுக்கு நாங்கள் செய்வதும் அதே மையாட்டல்தான். அதற்கு மேல் ஒரு காகிதம் வைத்து அழுத்துகிறோம், அவ்வளவு வித்தியாசம்.

மூன்றாவது கல்லச்சு, அதாவது லித்தோகிராஃப். இதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தை வைத்து, சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரைந்து அச்சடிப்பது. ஜெர்மனியில் அலோயிஸ் செனஃபெல்டர் என்ற நாடகாசிரியர் தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடி, 1796 முதல் பரிசோதனை செய்து கண்டுபிடித்தார். சலவைக்குப் போட்ட துணிக் கணக்கை அவசரத்துக்குக் கல்லில் எழுதியதிலிருந்து தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். நாலாவது ஸ்கிரீன் பிரின்ட். கல்யாணப் பத்திரிகை, டி-ஷர்ட் எல்லாம் பார்த்திருப்பீர்கள்.

எட்சிங் எப்படிப் பண்றீங்கன்னு ஒரு தடவை முழுசா சொல்லுங்களேன்.

ஜிங்க் தகட்டின் ஓரங்களை முதலில் அரத்தால் சாய்வாகத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிரஸ்ஸுக்குள் போகும்போது காகிதத்தை வெட்டிவிடும். அப்புறம் மெழுகும் குங்கிலியமும் தாரும் கலந்த பூச்சு. அது காய்ந்ததும் ஊசியால் வரைகிறோம். ஊசி பட்ட இடத்தில் பூச்சு விலகி உலோகம் மின்னும். கறுப்பு மேல் வெள்ளிக் கோடு. முடிவில் வெள்ளைக் காகிதத்தில் கறுப்புக் கோடாக வரப்போவதை இங்கே நேர்மாறாகப் பார்த்துக்கொண்டே வரைய வேண்டும்.

பின்பக்கத்துக்கும் பூச்சு கொடுத்து, தண்ணீர் கலந்த நைட்ரிக் ஆசிட்டில் இறக்குவோம். கோடு திறந்த இடமெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி வரும். அதை ஒரு பறவை இறகால் மெல்லத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி தங்கினால் கோடு பிசிறும். எத்தனை நிமிஷம் விடுகிறோமோ அத்தனை ஆழம், அத்தனை கறுப்பு. வெளியே எடுத்துப் பூச்சைக் கழுவி, தகடு முழுக்க மையைத் தடவி, மல் துணியால் வட்டவட்டமாகத் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் துடைப்போம். எவ்வளவு துடைக்கிறோம், எங்கே கொஞ்சம் விட்டுவைக்கிறோம் என்பதில்தான் ஒரு தாள் இன்னொன்றிலிருந்து வேறாகிறது. காகிதம் முன்பே நனைத்து ஒற்றி வைத்திருக்கும். தகடு, அதன் மேல் காகிதம், அதன் மேல் கம்பளி விரிப்பு, அப்புறம் பிரஸ்ஸின் சக்கரத்தைச் சீராகச் சுற்ற வேண்டும். கம்பளியை விலக்கி, காகிதத்தை ஒரு மூலையில் பிடித்து உரிக்கும் அந்த அரை நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். பின்னால் வரும் ஒரு கேள்விக்கு இந்தப் பள்ளம் உதவும், நினைவில் வையுங்கள்.

எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி மாத்தி எழுதணுமாமே?

ஆமாம், ஸ்கிரீன் பிரின்ட் தவிர மற்றதற்கெல்லாம். தமிழில் இது தனிச் சிரமம். ‘கொ’ எழுதினால் கொம்பு வலது பக்கம் போய்க் கால் இடது பக்கம் வர வேண்டும். ‘ன’வும் ‘ள’வும் கையை ஏமாற்றும். நான் முதன்முதலில் செய்த லினோகட் அம்மாவின் அறுபதாம் பிறந்த நாளுக்கான வாழ்த்து. நேராக எழுதிச் செதுக்கிவிட்டேன், அத்தனையும் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து செய்தேன். மெல்லிய டிரேசிங் தாளில் நேராக எழுதி, தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தால் தப்பாது.

கீழே பென்சில்ல 7/25-ன்னு போட்டிருக்கே, அது தேதியா?

மொத்தம் இருபத்தைந்து தாள், அதில் இது ஏழாவது என்று எண்ணிட்டது. அந்த மொத்தத்தைத்தான் எடிஷன் என்கிறார்கள். இடப்பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து என்பது பொதுவான பழக்கம். ‘ஏ.பி.’ என்றிருந்தால் ஓவியர் தனக்கென்று வைத்துக்கொண்ட சில தாள்களில் ஒன்று. பென்சில் எதற்கு என்றால் மங்காது, காகிதத்தை அரிக்காது.

இந்த எண்ணும் கையெழுத்தும் பழைய சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. ரெம்பிராண்ட் எண் போட்டதில்லை. ஜப்பானில் ஹொக்குசாய் 1831 வாக்கில் செய்த பேரலைப் படம், கட்டை தேயத் தேய ஆயிரக்கணக்கில் அடித்து விற்கப்பட்டது. அங்கே வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர், பதிப்பாளர் ஒருவர். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது சந்தைக்காக வந்த ஏற்பாடு. அதே சமயம், டிரைபாயின்ட் போன்றவற்றில் தகடே சில டஜன் தாளுக்குள் தேய்ந்துவிடுவதால் அது உண்மையான தேவையும்கூட.

அப்போ 1/25 வாங்கினா நல்லதா, 25/25 நல்லதா?

எண் மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அடித்த தாள்களெல்லாம் காய்ந்த பிறகு அடுக்கி வைத்துத்தான் எண் போடுவோம். முதலில் அடித்ததற்கே 1 வரும் என்பதில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு எதில் ஆழமாக, வெல்வெட் மாதிரி இருக்கிறதோ அதை எடுங்கள்.

எங்க பாட்டி வீட்டுல ரவி வர்மா லட்சுமி படம் இருக்கு. அது பிரின்ட்தானே? ஒரிஜினலா?

இது அவசியம் வரும் கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும்கூட. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சு அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னால் அது லோனாவ்லா பக்கத்து மளவ்லிக்குப் போனது. ஃப்ரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பக்காரர் அதை வாங்கி நடத்தினார். 1972-இல் தீப்பிடித்து எரிந்தது. எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் கைவினைஞர்கள் வரைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடித்து எடுத்தவை அந்தப் படங்கள். கோயிலுக்குள் போக அனுமதிக்கப்படாதவர்கள் வீட்டுச் சுவரிலும் சாமி வந்து உட்கார்ந்தது அந்தக் கற்களால்தான்.

முதல் கேள்விக்குச் சொன்னதோடு வைத்துப் பார்த்தால், இது முன்பே இருந்த ஓவியத்தின் நகல். அந்த அர்த்தத்தில் மூலப் படம் இல்லை. ஆனால் கல்லில் கை வேலை செய்திருக்கிறது, ஜெராக்ஸும் இல்லை. பாட்டி வீட்டுப் படம் அந்தக் காலத்துக் கல்லச்சுதானா, அல்லது பிற்காலத்து ஆஃப்செட்டா (காலண்டரும் பத்திரிகையும் அடிக்கிற இயந்திர அச்சு) என்று தெரிய ஒரு பூதக்கண்ணாடி போதும். ஆஃப்செட்டில் நாலு நிறப் புள்ளிகள் பூ மாதிரி வட்டவட்டமாக ஒழுங்காக அடுக்கியிருக்கும். கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை, ஒழுங்கில்லாமல் இருக்கும். பழைய கல்லச்சு என்றால் தயவுசெய்து கடையில் கொடுத்துப் புதுப்பிக்காதீர்கள். சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருந்தால் அதையும் பிரிக்க வேண்டாம். அது பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ செய்த வேலை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே? நமக்குன்னு என்ன வரலாறு?

காகிதத்தில் அச்சடிப்பதே ஆசியாவில் பிறந்தது. தேதியோடு கிடைத்த மிகப் பழைய முழு அச்சு நூல் கி.பி. 868-இல் சீனாவில் மரக்கட்டையில் செதுக்கி அடித்த வச்சிரச் சேதிகை சூத்திரம். அதன் முகப்பில் புத்தர் படமே இருக்கிறது. உலோக எழுத்து அச்சு போர்த்துக்கீசியரோடு கோவாவுக்கு 1556-இல் வந்தது. இந்திய எழுத்துகளில் அச்சேறிய முதல் மொழி தமிழ். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சின்னப் புத்தகம். தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

கலைக்காகவே அச்சு என்பது நம் நாட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தில் வேர் பிடித்தது. முகுல் தே 1916-இல் அமெரிக்கா போய் எட்சிங் கற்றுவந்தார். நந்தலால் போஸ் 1930-இல், உப்பு சத்தியாகிரகத்தின்போது, கோலூன்றி நடக்கும் காந்தியை லினோவில் செதுக்கினார். கறுப்புக்குள் சில வெள்ளைக் கோடுகள்தான். இன்றும் காந்தி என்றால் பலர் கண்ணுக்கு வருவது அதுவே.

தில்லிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் கல்கத்தா, சாந்திநிகேதன்தானே?

சம்பந்தம் நிறைய. சிட்டகாங்கில் பிறந்த சோம்நாத் ஹோர் 1958 முதல் 1967 வரை தில்லியில் அச்சுக்கலை சொல்லிக்கொடுத்தார். 1943 வங்காளப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். பின்னால் எழுபதுகளில் ‘காயங்கள்’ என்ற வரிசையைச் செய்தார். மைகூட இல்லை. களிமண்ணைக் கத்தியால் கிழித்து, சூட்டுக்கோலால் சுட்டு, அதற்கு அச்சு வார்த்து, அதில் காகிதக் கூழை அழுத்தி எடுத்தார். வெள்ளைத் தாளில் வெள்ளைத் தழும்பு. சில இடத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு. அதன் முன்னால் நின்றபோது எங்கள் குழுவில் வந்த மாமி ஒருவர், “ஆபரேஷன் தையல் மாதிரி இருக்கேம்மா” என்று தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டார். அதைவிட நல்ல விமரிசனத்தை நான் கேட்டதில்லை.

கன்வல் கிருஷ்ணா, தேவயானி கிருஷ்ணா தம்பதி இந்த ஊரில் அச்சுப் பட்டறை வைத்து நிறைய வண்ணப் பரிசோதனை செய்தார்கள். 1968-இல் ஜக்மோகன் சோப்ராவும் அவர் மாணவர்களும் சேர்ந்து ‘குரூப் 8’ என்று அமைத்து, அச்சுப் படங்களுக்கென்றே தனிக் கண்காட்சிகள் நடத்தினார்கள். அதில் வந்தவர்தான் அனுபம் சூத். அவருடைய எட்சிங் மனிதர்களின் தோலையும் தசையையும் ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1976-இல் கர்ஹி ஸ்டுடியோக்கள் வந்தன. சொந்தமாகப் பிரஸ் வாங்க முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரே தகட்டில அத்தனை நிறம் எப்படி வருது? ஒவ்வொண்ணா அடிக்கிறாங்களா?

சில படங்களில் ஒவ்வொன்றாகத்தான். ஆனால் நீங்கள் கேட்பது கிருஷ்ணா ரெட்டியின் முறை என்று நினைக்கிறேன். சித்தூர்ப் பக்கம் 1925-இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்து, 1940-களின் கடைசியில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பிறகு பாரீசில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் ‘அத்தெலியே 17’ பட்டறையில் சேர்ந்தார். சிற்பி என்பதால் தகட்டைப் பல உயரங்களில் செதுக்கினார். எண்ணெய் அதிகம் சேர்த்துத் தளர்த்திய மையைக் கெட்டி உருளையால் உருட்டினால் மேல்தளத்தில் மட்டும் படும். அடுத்து எண்ணெய் குறைந்த இறுக்கமான மையை மெத்தென்ற உருளையால் உருட்டினால் பள்ளம் வரை இறங்கும். மேலே ஏற்கெனவே இருக்கும் எண்ணெய் மை இதை ஒட்டவிடாது. ஆகவே நிறங்கள் கலங்காமல் ஒரே அழுத்தில் எல்லாம் வந்துவிடும். விஸ்காசிட்டி முறை என்கிறார்கள். தோசைக்கல்லில் எண்ணெய் இருந்தால் மாவு விலகிப்போகுமே, அதைத் தினமும் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல.

ஆர்ட்டிஸ்ட் புக்னா ஓவியரைப் பத்தின புத்தகமா?

இல்லை. புத்தகமே படைப்பாக இருப்பது. பக்கம் புரட்டுவது, மடிப்பு, காகிதத்தின் கனம், எழுத்தின் இடம் எல்லாம் சேர்ந்து ஒரு ஓவியர் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். ஓவியர் புத்தகம் என்று நான் தமிழில் சொல்கிறேன்.

இதற்கு முன்னோடியாக எல்லோரும் காட்டுவது ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக். 1789-இல் தன் பாட்டுகளைத் தானே செப்புத் தகட்டில், நான் முன்னே சொன்னபடி திருப்பி எழுதி, சுற்றிலும் படம் வரைந்து, ஆசிட்டில் அரித்து அடித்தார். அவரும் மனைவி கேத்தரினும் கையால் வண்ணம் தீட்டினார்கள். ஒரு பிரதி மாதிரி இன்னொரு பிரதி இல்லை. 1900 வாக்கில் பாரீசில் அம்புருவாஸ் வொல்லார் போன்ற பதிப்பாளர்கள், பெரிய ஓவியரைக் கொண்டு கவிதைக்குக் கல்லச்சுப் படம் போடவைத்து, பணக்காரர்களுக்கென்று ஆடம்பரமாகப் புத்தகம் போட்டார்கள். 1913-இல் கவிஞர் சாந்த்ரரும் ஓவியர் சோனியா டெலோனேயும் இரண்டு மீட்டர் நீளத் தாளை விசிறியாக மடித்து, ஒரு ரயில் பயணக் கவிதையை நிறத்தோடு ஓடவிட்டார்கள். சேலைக் கொசுவம் மாதிரி பிரியும் புத்தகம். அது வொல்லார் வழியிலிருந்து விலகிய இடம் என்பது என் எண்ணம். ஏனென்றால் அதில் படத்தைத் தனியே எடுத்தால் கவிதை நின்றுபோகும்.

அப்போ படம் போட்ட நல்ல புத்தகம் எல்லாம் இதுல சேருமா? சென்னை தாரா புக்ஸ் மாதிரி?

நடுவில் நிற்கும் விஷயம் இது. தாராவின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ எங்கள் வீட்டில் இருக்கிறது. கோண்ட் பழங்குடி ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்கள். கறுப்புக் கைக்காகிதத்தில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஸ்கிரீன் பிரின்ட் செய்து, கையால் தைத்தது. பிரித்தால் மை வாசனை வரும், நிறத்தின் மேல் விரல் வைத்தால் மேடு தட்டும். கேட்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: அதே படங்களைச் சாதாரணத் தாளில் அடித்தால் எதையாவது இழப்போமா என்று யோசியுங்கள். நிறைய இழப்போம் என்று தோன்றினால் அது ஓவியர் புத்தகத்தின் பக்கம் வந்துவிட்டது. பெயர் எதுவானாலும் அந்தக் கைவேலைக்கு மரியாதை ஒன்றுதான்.

ஓலைச்சுவடியும் சேருமா?

வேலைப்பாட்டில் எவ்வளவு நெருக்கம் என்று மூன்றாவது பதிலில் சொன்னேன். ஆனால் ஏடு எழுதியவர் நூலைக் காப்பாற்றிக் கொடுக்க எழுதினார். ஏட்டின் வடிவத்தை வைத்து எதையும் சொல்ல முயலவில்லை. அதனால் சேர்க்க மாட்டேன். இன்றைய ஓவியர் ஒருவர் ஏட்டுக் கட்டின் வடிவத்தை எடுத்து, நூல் கோத்து, அவிழ்த்துப் படிப்பதையே பொருளாக்கினால் சந்தோஷமாகச் சேர்ப்பேன்.

புத்தகம்னா ஊரெல்லாம் போகணும். இருபது பிரதி அடிச்சுப் பூட்டி வைக்கிறது நியாயமா?

இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. ஓவியர்களும் கேட்டுக்கொண்டதுதான். எட் ருஷே என்ற அமெரிக்கர் 1963-இல் வெளியிட்ட சின்னப் புத்தகத்தில் இருபத்தாறு பெட்ரோல் பங்குகளின் புகைப்படம், கீழே ஊர்ப்பெயர், வேறொன்றும் இல்லை. மலிவான ஆஃப்செட். முதலில் 400 பிரதிக்கும் எண் போட்டார். பிறகு அது தவறு என்று உணர்ந்து, எண்ணில்லாமல் மறுபடி மறுபடி அச்சிட்டார். வொல்லாரின் ஆடம்பரத்துக்கு அது நேர் எதிர் வழி.

நம்மிடம் அதைவிடக் கனமான உதாரணம் இருக்கிறது. 1943 பஞ்சத்தில் வங்காள ஓவியர் சித்தபிரசாத் மிட்னாப்பூர் மாவட்டத்தைச் சுற்றி, பசியில் கிடந்தவர்களை மையால் வரைந்து, பார்த்ததை எழுதி, ‘ஹங்கிரி பெங்கால்’ என்று சின்னப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 5,000 பிரதிகளையும் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து எரித்தது. தப்பிய பிரதியை வைத்துத்தான் பிற்காலத்தில் மறுபதிப்பு வந்தது. அவர் பிறகு பம்பாயில் குடியேறி, ஏழைகளின் வாழ்க்கையை லினோவில் செதுக்கிக்கொண்டே இருந்தார். லினோ மலிவு, எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பதே அவருக்கு அதன் அழகு.

மறுபக்கமும் உண்டு. அலிகரில் பிறந்து, நாடு நாடாக வாழ்ந்த ஓவியர் சரீனா 1999-இல் வீடு பற்றி 36 மரச்செதுக்குகள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல்: வாசல், சுவர், தூரம் என்று. அந்தத் தாள்களின் அமைதி பெட்டியில் சிலவாகத்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். தில்லிக்காரரான புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் இரண்டுக்கும் நடுவில் வழி கண்டவர். 2008-இல் ஏழு கொசுவ மடிப்புப் புத்தகங்களை ஒரு சின்னத் துணிப் பெட்டியில் வைத்து வெளியிட்டார். பிரித்து மேஜையில் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. எத்தனை பிரதி என்பதை விஷயம்தான் தீர்மானிக்க வேண்டும், விலை தீர்மானிக்கக் கூடாது. இதுதான் நான் வந்து சேர்ந்த இடம்.

நான் கவிதை எழுதுறேன் அக்கா. நானே ஒண்ணு பண்ண முடியுமா? பிரஸ் இல்லையே.

தாராளமாக. லினோவைச் செதுக்கி, மை உருட்டி, மெல்லிய காகிதத்தை மேலே வைத்து, சமையலறை மரக்கரண்டியின் பின்பக்கத்தால் சீராகத் தேய்த்தால் போதும். அட்டையில் நூல், இலை, துணி எல்லாம் ஒட்டி மை தடவி அடிக்கும் கொலோகிராஃப் இன்னும் சுலபம். முன்னே சொன்ன ஜக்மோகன் சோப்ரா அதில் நிறைய வேலை செய்தவர். காகிதத்துக்குச் சாவ்ரி பஜாரில் ஒரு நாள் சுற்றுங்கள். கடைக்காரரிடம் பருத்திக் காகிதம் என்று கேட்டு, தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வடிவத்துக்கு ஒரே தாளில் ஆரம்பியுங்கள். எட்டுக் கட்டமாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டுப் போட்டு மடக்கினால் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். காகிதத்துக்கு ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் வழவழவென்று மடியும், எதிர்த்து மடித்தால் வெடிக்கும். கவிதையில் எந்த வரி பக்கம் புரண்ட பிறகு வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். படம் அதற்கப்புறம்.

ஆன்லைன்ல ‘லிமிடெட் எடிஷன்’, கையெழுத்து, சர்டிபிகேட் எல்லாம் போட்டு விக்கிறாங்களே, நம்பலாமா?

நானே ஏமாந்திருக்கிறேன். இந்தக் கலைக்கு வருவதற்கு முன், ஒரு கடையில் 1/100 என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்திட்ட படம் வாங்கி, ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தேன். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முழுக்க நாலு நிறப் புள்ளிப் பூ. தகட்டின் பள்ளமும் இல்லை. ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து அடித்து, மேலே கையெழுத்து மட்டும் வாங்கியது. கையெழுத்து உண்மையாகவே இருக்கலாம். ஸ்பெயின் ஓவியர் டாலி தன் கடைசிக் காலத்தில் ஆயிரக்கணக்கான வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததாலேயே அவர் பெயரில் போலிகள் பெருகின.

ஷிக்லே என்று பிரெஞ்சுப் பெயரில் வருவது உயர்தர இங்க்ஜெட். 1990-களின் தொடக்கத்தில் வைத்த பெயர். கணினியிலேயே உருவாக்கிய படம் என்றால் அதை அப்படி அடிப்பதில் குறையே இல்லை, அதுவும் முதல் கேள்வியில் சொன்னபடி மூலம்தான். கான்வாஸ் ஓவியத்தின் நகல் என்றால் நகல் என்று சொல்லி, நகலின் விலைக்கு விற்கட்டும். விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த முறை, யார் அடித்தது, மொத்தம் எத்தனை. பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

வாங்கின படத்தை எப்படி வெச்சுக்கிறது?

செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். அமிலமில்லாத அட்டையும், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளியும் கேட்டு வாங்குங்கள். தில்லி வெயில் நேரே படும் சுவரில் மாட்டாதீர்கள். ஆடி ஆவணியில் ஈரம் ஏறும்போது பின்பக்கம் ராமபாணப் பூச்சி வருகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக இருக்கும் காகிதத்தை ஃபிரேமுக்காக வெட்டிவிடாதீர்கள், எண்ணும் கையெழுத்தும் அங்கேதான்.

ஓவியர் செத்த பிறகு அவர் தகட்டுல அடிச்சா அது யாரோட படம்?

ஸ்பெயின் ஓவியர் கோயாவை எடுத்துக்கொள்வோம். 1799-இல் எண்பது எட்சிங்குகள் கொண்ட ‘கப்ரிச்சோஸ்’ தொகுப்பை வெளியிட்டார். விற்பனை நின்றுபோய், 1803-இல் தகடுகளை ஸ்பெயின் அரசரிடம் ஒப்படைத்தார். அவர் இறந்த பிறகும் அவற்றிலிருந்து பதிப்பு மேல் பதிப்பாக அடித்தார்கள். போரின் கொடுமைகளைக் காட்டும் தொகுப்போ அவர் இறந்து முப்பத்தைந்து வருஷம் கழித்து, 1863-இல்தான் முதன்முதலாக வெளிவந்தது. அதை வேண்டாம் என்று சொன்னால் அந்தப் படங்களே நமக்கு இல்லை. இரண்டாவது பதிலில், ஓவியர் பார்த்து ஒப்புக்கொண்ட தாள்தான் மூலம் என்றேன். அந்தக் கணக்கில் இவை சேராது. இருந்தும் கோடு அவர் போட்டது. ஆகவே ‘மறைவுக்குப் பின் அச்சிட்டது’ என்று எழுதி வைக்கிறார்கள், அது நேர்மையான வழி. கப்ரிச்சோஸின் முதல் பதிப்பையும் கடைசிப் பதிப்பையும் பக்கத்தில் வைத்தால், பின்னதில் இருட்டு வெளிறியிருக்கும். அக்வாடின்ட்டின் மணல் போன்ற பரப்பு அழுத்தி அழுத்தித் தேய்ந்துவிட்டது.

இப்படி நடக்கக் கூடாது என்றுதான் பலர் எடிஷன் முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுகிறார்கள். போன மாதம் என் வேப்பமரத் தகட்டுக்கு அதைச் செய்தேன். பன்னிரண்டு தாள் அடித்து, எண் போட்டு, பிறகு ஊசியை அழுத்தி மூலைக்கு மூலை இழுத்தேன். கீறிய பிறகும் ஒரு தாள் அடித்து வைப்பது வழக்கம், தகடு முடிந்தது என்பதற்குச் சாட்சியாக. அந்தத் தாளில் மரத்தின் குறுக்கே மின்னல் விழுந்த மாதிரி ஒரு கோடு. அதை விற்க மாட்டேன். அடுத்த ஞாயிறு வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன்.